வைரஸ் வேறு, கணினிப் புழு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கணினிகள் முடங்கியது பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் செய்திகளைக் கத்தரித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பாலிடெக்னிக் ஒன்றின் கணினித் துறையில் 27 ஆண்டுகள் பாடம் நடத்திய காலத்தில், மாணவர்களுக்குக் காட்டுவதற்காகத் தொடங்கிய பழக்கம் அது. அண்மையில் அந்தக் கத்தரிப்புகளை ஒருசேர எடுத்துப் படித்தபோது இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். 'வைரஸ் தாக்கியது' என்பது ஒன்று. ஊழியர் ஒருவர் கவனக்குறைவாகத் திறந்த மின்னஞ்சலோ, செருகிய பென் டிரைவோதான் காரணம் என்பது மற்றொன்று. இவற்றில் சில நிகழ்வுகளில் தாக்கியது வைரஸ் அல்ல, புழு. ஓர் அறையிலுள்ள 40 கணினிகளுக்கும் பரவுவதற்குப் புழுவுக்கு எந்த ஊழியரின் கவனக்குறைவும் தேவைப்படாது.

டிப்ளமோ தேர்வில் 2 மதிப்பெண் கேள்வியாகக் கேட்கப்படும் இந்த வேறுபாடுதான், தாக்குதல் நடந்த முதல் 5 நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும், மறுநாள் யாரை விசாரிக்க வேண்டும், அடுத்த ஆண்டு எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்ற மூன்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுத எனக்கு அனுமதி தர வேண்டுகிறேன்.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்து உழவர்களிடம் இதை விளக்குவது எனக்கு எளிதாக இருந்தது. மாமரத்தின் கிளையில் புல்லுருவி வளர்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தனக்கென்று மண்ணில் வேர் இல்லாத அது, மாங்கிளைக்குள் வேரை இறக்கி அந்த மரத்தின் சாற்றிலேயே பிழைக்கிறது. இன்னொரு மரத்துக்கு அது போக வேண்டுமானால் ஒரு பறவை அதன் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கணினி வைரஸ் அப்படிப்பட்டது. இன்னொரு நிரலின் உடலிலோ, வேர்டு, எக்செல் போன்ற கோப்பின் உள்ளேயோ தன் கட்டளைகளைச் செருகிக்கொண்டு, அந்தக் கோப்பை யாராவது திறக்கும்வரை அது செயலற்றுக் கிடக்கும். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அதைக் கொண்டுபோவது மனிதர்களாகிய நாம்தான். புழுவோ, 2018-இல் எங்கள் மக்காச்சோளக் காடுகளை மொட்டையடித்த படைப்புழுவைப் போன்றது. அது எதன் மேலும் ஒட்டிக்கொள்ளத் தேவையில்லாத, தனித்து இயங்கும் முழு நிரல். வலையமைப்பில் அடுத்த கணினி எது என்று தானே தேடும். அதன் மென்பொருளில் அடைக்கப்படாத ஓட்டை வழியாகவோ, எளிய கடவுச்சொல்லை ஊகித்தோ உள்ளே நுழையும். தன் நகல் ஒன்றை அங்கே வைத்து, அங்கிருந்து அடுத்ததைத் தேடும். வரப்பு யாருடையது என்று படைப்புழு பார்ப்பதில்லை.

இரண்டின் வரலாறும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸான 'பிரெய்ன்', 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் கணினிக் கடை நடத்திய பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்களால் எழுதப்பட்டது. 360 கேபி கொள்ளளவுள்ள ஃபிளாப்பியின் பூட் பகுதியில், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் பகுதியில், அது குடியேறும். தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அந்த நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அது கடல் கடந்து போனது உண்மை. ஆனால் ஒவ்வொரு அடியையும் யாரோ ஒருவருடைய பையிலிருந்த ஃபிளாப்பியோடுதான் எடுத்து வைத்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய புழு இணையத்தில் விடப்பட்டது. அன்று இணையத்தில் இருந்தவை ஏறத்தாழ 60,000 கணினிகள். அவற்றில் சுமார் 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. யாரும் எதையும் திறக்கவில்லை, எதையும் செருகவில்லை. மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளில் இருந்த ஓட்டை, பயனர் விவரம் தரும் சேவையில் இருந்த ஓட்டை, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள் ஆகிய வழிகளில் அது தானே நகர்ந்தது. ஒரு கணினியில் ஏற்கெனவே தன் நகல் இருப்பதாகப் பதில் கிடைத்தாலும் ஏழில் ஒரு முறை மீண்டும் தங்கிவிட வேண்டும் என்று மோரிஸ் எழுதியிருந்ததால், ஒரே கணினியில் பல நகல்கள் குவிந்து அது மூச்சுத் திணறி நின்றது. கோப்புகளை அழிக்கும் கட்டளை எதுவும் அந்தப் புழுவில் இல்லை, பெருகியதே சேதமாயிற்று. இத்தகைய நெருக்கடிகளை ஒருங்கிணைத்துக் கையாள்வதற்கென்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் அவசரக் குழு அமைந்ததும் இந்த நிகழ்வுக்குப் பிறகுதான். நம் நாட்டில் அதே பணியைச் செய்யும் செர்ட்-இன் அமைப்பு 2004-இல் தொடங்கியது.

வேகத்தைப் பொறுத்தவரை 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழுவுக்கு நிகராக நான் வேறொன்றைப் படித்ததில்லை. அதன் முழு அளவு 376 பைட். இரண்டு, மூன்று குறட்பாக்களை யூனிகோடில் தட்டச்சு செய்து சேமித்தால் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். முதல் நிமிடத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரு மடங்காகப் பெருகி, தான் தொற்றக்கூடிய கணினிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் 10 நிமிடங்களுக்குள் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஏடிஎம்கள் பணம் தரவில்லை. தென் கொரியாவில் இணையமே நின்றுபோனது. அந்தப் புழு வட்டில் எந்தக் கோப்பையும் எழுதாமல் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது என்பதால், கோப்புகளைச் சோதிக்கும் ஆன்டிவைரஸுக்கு அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. கணினியை அணைத்துப் போட்டால் புழு மறைந்துவிடும். ஓட்டையை அடைக்காமல் மீண்டும் இணைப்பில் விட்டால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 6 மாதங்களுக்கு முன்பே, 2002 ஜூலையில் வெளியிட்டிருந்தது.

இதை நான் நேரில் அனுபவித்தது 2009 பிப்ரவரியில். எங்கள் ஆய்வகத்தில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் 40 கணினிகள் இருந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை. மற்றத் தளங்கள் எல்லாம் வழக்கம்போல் திறந்தன. நானும் ஆய்வக உதவியாளரும் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கணினியாகச் சுத்தம் செய்யத் தொடங்கினோம். வேறிடத்திலிருந்து சிடியில் பதிந்து கொண்டுவந்த நீக்கும் கருவியை ஓட்டி, மீண்டும் இயக்கி, சரியாகிவிட்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டே போனோம். பத்தாவது கணினியை முடித்து நிமிர்ந்தபோது முதல் கணினி மீண்டும் பழைய நிலைக்கு வந்திருந்தது. இரவு 8 மணிவரை இப்படியே போராடினோம். மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. எல்லாக் கணினிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும், அறை மூலையிலிருந்த ஸ்விட்ச் பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கினேன். அதில் வரிசையாகச் சிமிட்டிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் அணைந்த பிறகு, சுத்தம் செய்த கணினி சுத்தமாகவே இருந்தது.

அது கான்ஃபிக்கர் என்ற புழு. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் 2008 அக்டோபர் 23 அன்றே வெளிவந்துவிட்டது. இணைய வேகம் குறைகிறது என்பதற்காக எங்கள் ஆய்வகத்தில் தானியங்கி அப்டேட் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 40 கணினிகளுக்கும் நிர்வாகிக் கடவுச்சொல் ஒன்றே. அதுவும் முதல் வருட மாணவர்கூட ஊகிக்கக்கூடியது. கான்ஃபிக்கரோ எளிய கடவுச்சொற்களின் பட்டியல் ஒன்றைத் தன்னோடு சுமந்துகொண்டு வந்தது. ஆனால் விசாரணை என்று வந்தபோது கல்லூரி நிர்வாகம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பென் டிரைவ் செருகியது யார்? வருகைப் பதிவேட்டை அச்செடுக்கச் சனிக்கிழமை பென் டிரைவ் கொண்டுவந்த ஆய்வக உதவியாளருக்கு மெமோ கொடுக்கப்பட்டது. முதல் கணினிக்கு அது அவருடைய பென் டிரைவ் வழியாகவே வந்திருக்கலாம். கான்ஃபிக்கருக்கு அந்த வழியும் தெரியும். மீதி 39 கணினிகளில் அவர் எதையும் செருகவில்லை. அவற்றின் கதவுகள் 4 மாதங்களாகத் திறந்து கிடந்ததற்குப் பொறுப்பு, அப்டேட்டை நிறுத்த முடிவெடுத்த எங்கள் துறைக்கு உரியது; அந்த முடிவில் என் கையெழுத்தும் உண்டு. வேறுபாட்டை விளக்கி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வைரஸ் வந்தால் யாரோ கொண்டுவந்திருக்கத்தானே வேண்டும் என்று கேட்டு அதை ஒதுக்கிவிட்டார்கள். வைரஸுக்கு அந்தக் கேள்வி சரி.

இதே தவறு உலக அளவில் நடந்ததையும் நாம் பார்த்தோம். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற புழு தாக்கியபோது, தெரியாத மின்னஞ்சலைத் திறக்காதீர்கள் என்ற அறிவுரைதான் முதல் இரண்டு நாட்கள் எங்கும் ஒலித்தது. அந்த அறிவுரை நல்லதுதான், ஆனால் அன்றைய ஆபத்துக்குப் பொருந்தாதது. வானாக்ரை மின்னஞ்சல் வழியாகப் பரவியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் 445 என்ற எண்ணுள்ள போர்ட்டின், அதாவது வலையமைப்பு வாசலின், வழியே அது தானே நுழைந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலரை பிட்காயினில் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையில் மருத்துவமனைகளை நடத்தும், 'டிரஸ்ட்' எனப்படும் 236 நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டு, நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இங்கே ஆந்திரக் காவல் துறையின் சில கணினிகளும் கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகக் கணினிகளும் முடங்கின. அதற்குரிய திருத்தம் வெளியான நாள் 2017 மார்ச் 14. ஏறத்தாழ 2 மாதங்கள் கையில் இருந்தன. அந்த 2 மாதங்களைப் பற்றிப் பேசாமல் மின்னஞ்சலைப் பற்றிப் பேசியதால், எத்தனை அலுவலகங்களில் அஞ்சல் பெட்டிக்கு மட்டும் காவல் போட்டுவிட்டுப் பின்வாசலைத் திறந்தே வைத்திருந்தார்களோ என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு.

எல்லாவற்றையும் இந்த இரண்டு பெட்டிகளில் அடைத்துவிட முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வேறொரு கோப்பில் ஒட்டிக்கொள்ளாத தனி நிரல் என்பதால் புழுவாகவே வகைப்படுத்தப்படுகிறது. ஆனாலும் அதைக் காதல் கடிதம் என்று நம்பி ஒருவர் திறந்தால்தான் அது அவருடைய முகவரிப் பட்டியலுக்குள் பாயும். கோப்பு எந்த வகை என்று காட்டும், பெயரின் கடைசியிலுள்ள ஒட்டு எழுத்துகளை விண்டோஸ் மறைத்துக் காட்டியதால், இயங்கும் நிரல் ஒன்று வெறும் உரைக் கோப்பாகத் தோற்றமளித்தது. இன்று வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகள் (ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நிறுவும் கோப்புகள்) மூன்றாவது இனம். அவற்றை ட்ரோஜன் என்பார்கள். நல்லதுபோல் வேடமிட்டு நம்மாலேயே உள்ளே அழைக்கப்படுபவை அவை.

பாதுகாப்புக்கு வருகிறேன். வைரஸ் மனிதக் கைக்காகக் காத்திருப்பது என்பதால் அதற்கான காவலும் கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. கோப்புப் பெயரின் கடைசி ஒட்டு தெரியும்படி விண்டோஸை அமைத்துக்கொள்ளுதல், வேர்டு அல்லது எக்செல் கோப்பு தனக்குள் பதிந்திருக்கும் மேக்ரோ என்ற கட்டளைத் தொகுதியை இயக்க அனுமதி கேட்டால் மறுத்தல், திருட்டு மென்பொருளைத் திறக்க உதவும் கிராக் கோப்புகளைத் தொடாதிருத்தல், ஆன்டிவைரஸை நாள்தோறும் புதுப்பித்தல் ஆகியவை பெரும்பகுதி ஆபத்தைத் தடுத்துவிடும். இவை பலருக்கும் தெரிந்தவையே.

புழுவுக்கான காவல் கணினியின் முன் அமர்ந்திருப்பவரிடம் இல்லை. அந்தக் கணினிகளை நிர்வகிப்பவரிடமும் அதற்குப் பணம் ஒதுக்குபவரிடமும் இருக்கிறது. பேட்ச் என்று அழைக்கப்படும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியான சில நாட்களுக்குள் போட்டுவிடுவது இதில் தலையாயது. நம் ஊர் டிடிபி மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் காரணம் எனக்குத் தெரியும். கணினி மெதுவாகிறது, டேட்டா தீர்கிறது. பல இடங்களில் விண்டோஸே உரிமம் இல்லாத பிரதி என்பதால் அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சமும் இருக்கிறது. பழைய விண்டோஸுக்குத் திருத்தமே வருவதில்லை என்பதையும் மறந்துவிடுகிறோம்: விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. உரிமத்துக்குப் பணம் இல்லை என்றால் இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவது உரிமமில்லாத, அப்டேட் இல்லாத விண்டோஸை விடப் பன்மடங்கு பாதுகாப்பானது. அடுத்ததாக, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் ஃபயர்வாலை அணைத்து வைக்காதிருத்தல், ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு நிர்வாகிக் கடவுச்சொல், அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு, கணக்குப் பிரிவின் கணினிகளையும் பார்வையாளர் வைஃபையையும் ஒரே வலையமைப்பில் கலக்காதிருத்தல் ஆகியவை வேண்டும். தொற்று தெரிந்த நொடியில் முதலில் பிடுங்க வேண்டியது வலையமைப்புக் கேபிளை. வைஃபை இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். சுத்தம் செய்வது, திருத்தம் போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிச் செய்ததால் நாங்கள் ஒரு முழு நாளை இழந்தோம்.

மாணவர்களுக்காக ஒரு செய்தியைத் தனியே சொல்ல விரும்புகிறேன். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துவிட்டு வந்து பென் டிரைவைத் திறந்தால் எல்லா ஃபோல்டர்களும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். எல்லாரும் அதை 'ஷார்ட்கட் வைரஸ்' என்கிறார்கள். பெரும்பாலும் அதுவும் புழுதான். நம் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. நாம் அதைச் சொடுக்கியதும் முதலில் தன்னை இயக்கிக்கொண்டு, பிறகு நம் ஃபோல்டரையும் திறந்து காட்டுவதால் சந்தேகம் வருவதில்லை. கோப்புகள் அழியவில்லை, மறைந்தே இருக்கின்றன. இதை அறியாமல் பென் டிரைவை ஃபார்மட் செய்து, இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதையும் இழந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான கணினியில் ஆன்டிவைரஸால் சோதித்து, மறைப்பை நீக்கினால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அச்செடுக்கும்போது கோப்பைத் தனக்குத் தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

கடைகளிலும் வீடுகளிலும் இப்போது மாட்டப்படும் சிசிடிவி பதிவுப் பெட்டியும் வைஃபை ரௌட்டரும் கணினிகளே என்பதை வணிகர்கள் உணர வேண்டும். 2016-இல் பரவிய மிராய் என்ற புழு, தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட கடவுச்சொற்கள் சுமார் 60-ஐ மட்டும் முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் அதனால் முடங்கின. கேமரா மாட்டிவிட்டுப் போகும் பையனிடம், போவதற்கு முன் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். வைரஸ், புழு இரண்டுக்கும் பொதுவான கடைசித் துணை, முக்கியக் கோப்புகளின் நகலை வேறொரு வட்டில் எடுத்து அந்த வட்டைக் கழற்றி வைப்பது. கணினியிலேயே எப்போதும் செருகியிருக்கும் வட்டை வானாக்ரை போன்றவை அதோடு சேர்த்தே பூட்டிவிடும். தொற்றை நீக்கும் இலவசக் கருவிகளை மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் வழங்கி வருகிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு வைரஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. புழு என்ற சொல் அங்கே இல்லை என்றாலும், கணினியை மாசுபடுத்தும் கட்டளைத் தொகுதி என்ற அதன் விரிந்த விளக்கத்துக்குள் புழுவும் அடங்கிவிடும். சட்டத்துக்கு அது போதும். செய்தியைப் படித்துவிட்டுத் தன் அலுவலகத்தில் நடவடிக்கை எடுக்கப்போகும் ஒரு தலைமை ஆசிரியருக்கோ, கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கோ அது போதாது. ஆகவே தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இனி ஓர் அலுவலகத்தின் கணினிகள் முடங்கிய செய்தியை எழுதும்போது, பென் டிரைவ் செருகியது யார் என்று கேட்பதோடு, அது முதல் கணினியிலிருந்து மற்றவற்றுக்கு எப்படிப் போனது, அந்த ஓட்டைக்குத் திருத்தம் எந்தத் தேதியில் வெளியானது, அந்த அலுவலகம் அதை எந்தத் தேதியில் போட்டது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, கிடைத்த பதிலைத் தேதியோடு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
பெரம்பலூர்.